இறங்கும்போதா, ஏறும்போதா?

ஸ்கூபா டைவிங் போனால் தலை சுற்றுகிறது, என்ன செய்வது என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எப்போது சுற்றியது? படகில் உட்கார்ந்திருந்தபோதா, கீழே இறங்கும்போதா, ஆழத்தில் இருந்தபோதா, மேலே ஏறும்போதா, இல்லை கரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகா? கேட்டவருக்கு எரிச்சல் வரும். தலைசுற்றல் தலைசுற்றல்தானே, மாத்திரை பெயரைச் சொல்லிவிட்டுப் போங்களேன் என்பார்.

நம் ஊரில் தலைசுற்றலுக்கு விளக்கம் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. பித்தம் தலைக்கேறிவிட்டது, வெறும் வயிற்றோடு போயிருப்பாய், பிரஷர் பார்த்தாயா, கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இஞ்சி மரப்பாவைக் கையில் திணிப்பார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் வெர்டின் அட்டையை எடுத்துக் கொடுப்பார். தரையில் இதனால் பெரிதாகக் குடிமுழுகிப் போவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் முக்கால்வாசித் தலைசுற்றல் தானாக அடங்கிவிடும். நீருக்கடியில் உட்கார இடம் கிடையாது. ‘ஒரு நிமிஷம் இருங்க’ என்று சொல்ல வாயும் காலியாக இருக்காது. எதனால் சுற்றுகிறது என்று தெரிந்திருந்தால்தான் அடுத்த அரை நிமிடத்தில் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும். சில வகைக்கு அசையாமல் நின்றால் போதும். ஒரு வகைக்கு, மேலே போய்க்கொண்டிருப்பவர் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இன்னொரு வகைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதுவும் எந்த ஆஸ்பத்திரி என்று பார்த்து ஓட வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. வங்கியில் வேலை. முப்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டு, அப்புறம் கடலுக்குள் இறங்கியவள். எனக்கே ஒருமுறை நன்றாகச் சுற்றியதால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரையும் கேள்விகளால் துளைத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்து கிடக்கிறோமா என்பதை மூளை மூன்று இடங்களில் விசாரித்துத் தெரிந்துகொள்கிறது. ஒன்று கண். இன்னொன்று தசைகளும் மூட்டுகளும் பாதமும். மூன்றாவது உட்காது. ஒவ்வொரு பக்கத்து உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. மூன்றும் மூன்று திசையில் திரும்பியிருக்கும், உள்ளே திரவம் நிரம்பியிருக்கும். தலையைத் திருப்பினால் குழாயும் கூடவே திரும்பும், ஆனால் உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த இடைவெளியை நுண்ணிய உணர்செல்கள் கவனித்து மூளைக்குச் சொல்லும். சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் வீடே சுற்றுமே, அது நாம் நின்ற பிறகும் அந்தத் திரவம் நிற்காமல் ஓடுவதால்தான். குழாய்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள், அவற்றில் சுண்ணாம்புத் துகள்கள். கீழ் எது, மேல் எது என்று சொல்வது அவற்றின் வேலை.

தண்ணீருக்குள் போனதும் முதல் இரண்டு சாட்சிகளும் ஊமையாகிவிடுகின்றன. கண்ணுக்கு அடிவானம் கிடையாது. சென்னைக் கடலில் கலங்கலான நாளில் மாஸ்க்குக்கு முன்னால் நீட்டிய நம் கையே பச்சையாக, பாதி மறைந்துதான் தெரியும். மிதப்பதால் பாதத்தில் எடை விழாது, மூட்டுகளுக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. மிச்சம் இருப்பது காது. அது தவறாகச் சொன்னால் மறுத்துப் பேச வேறு ஆள் இல்லை. தரையில் லேசாகக் கிறுகிறுத்துப் போகிற விஷயம் நீருக்கடியில் உலகமே புரள்வதுபோல் ஆகிவிடுவது இதனால்தான்.

படகில் வருவதை முதலில் பேசி முடித்துவிடலாம். ‘டைவிங்கில் தலை சுற்றியது’ என்று சொல்கிறவர்களில் பலருக்குத் தலை சுற்றியது படகில்தான். சென்னையை ஒட்டிய கடல் மெதுவாகத்தான் ஆழமாகிறது. டைவ் செய்யத் தகுந்த ஆழத்துக்குக் கரையிலிருந்து கணிசமான தூரம் போக வேண்டும். போகிற வரை பிரச்சினை இருக்காது. நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்ததும் ஃபைபர் படகு பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து நாம் குனிந்து உட்கார்ந்து சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருப்போம். கண் பார்ப்பது அசையாத சிலிண்டரை, காது உணர்வது ஆடும் கடலை. இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகாததுதான் குமட்டல். எஞ்சின் புகை வேறு சேர்ந்துகொள்ளும். கரையிலேயே எல்லாவற்றையும் மாட்டித் தயாராக வைத்துக்கொள்வது, படகு நின்றதும் கரைக் கட்டடங்களையோ அடிவானத்தையோ பார்த்துக்கொண்டிருப்பது, முதல் ஆளாகத் தண்ணீரில் குதிப்பது, இவைதான் எனக்குப் பலித்தவை. சில மீட்டர் கீழே போனதும் ஆட்டம் குறைந்து பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்பது நம்பிக்கைதான். இரண்டு மணி நேரம் முன்னால் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மலைப்பாதை பஸ்ஸுக்குப் போடுகிற அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். ஆழத்தில் அரைத்தூக்கத்தில் இருப்பது நல்லதல்ல. மருத்துவரைக் கேட்டு, டைவ் இல்லாத ஒரு நாளில் போட்டுப் பார்த்து, நம் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு யோசிக்கலாம். கீழே போன பிறகும் வாந்தி வந்தால் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கவே கூடாது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டு, முன்பக்கப் பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். வாந்தி எடுத்ததும் ஆழமாக ஒரு மூச்சு உள்ளே இழுப்போம். அந்த நேரத்தில் வாயில் காற்று இருக்க வேண்டும், கடல் இருக்கக்கூடாது. இதைச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். மீன்களுக்கு ஒரு சுளிப்பும் கிடையாது, கும்பலாக வந்துவிடும்.

அடுத்தது இறங்கும்போது வருவது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேற்பரப்பில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காதில் காற்று அடைபட்டிருக்கிறது, அது சுருங்கும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் யூஸ்டேக்கியன் குழாய் வழியாகப் புதுக் காற்றை அனுப்பி ஈடுகட்ட வேண்டும். இதைத்தான் ஈக்குவலைஸ் செய்வது என்கிறோம். விகிதப்படி பார்த்தால் அழுத்தம் வேகமாக மாறுவது முதல் சில மீட்டர்களில்தான். அதனால்தான் நீச்சல்குளத்தின் அடியைத் தொடப்போகும்போதே காது வலிக்கிறது. ஈடுகட்டாமல் ஒன்றேகால் மீட்டர் இறங்கினாலே குழாயின் வாய் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டுவிடக்கூடும். அதற்கப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது.

ஊதும் முறைக்கு இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மரியா வால்சால்வாவின் பெயர். 1704இல் காதைப் பற்றி அவர் எழுதிய நூலில் அது இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி ஊதுவதை அவர் சொன்னது காதிலிருந்து சீழை வெளியேற்ற. டைவர்களைப் பற்றி அவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை. இந்த முறையில் சிக்கல், மார்பு முழுவதையும் கொண்டு முக்கி ஊதுவது. அடைத்துப்போன காதோடு பலம் கொண்ட மட்டும் முக்கினால், அந்த அழுத்தம் மூளைத்தண்டுவட நீர் வழியாக உட்காதுக்கும் போய், நடுக்காதுக்கும் உட்காதுக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வைக் கிழிக்கலாம். அப்படி ஆனால் தலைசுற்றலோடு காது இரைச்சலும் கேட்புக் குறைவும் சேர்ந்து வரும். சில நேரம் ஓய்விலேயே ஆறிவிடும், சில நேரம் அறுவை சிகிச்சை வரை போகும். இதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப்படை மருத்துவர் ஹெர்மன் ஃப்ரென்ஸல் சொல்லிக்கொடுத்த முறையைக் கற்றுத் தருகிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையை மூடி, நாக்கின் அடிப்பகுதியை மேலே தள்ளுவது. மார்புக்கு வேலையே இல்லை. பழக எனக்குப் பல வாரம் ஆனது. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரர் ஏசியைக் குறைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

அதே ஃப்ரென்ஸல்தான், தலைசுற்றல் நோயாளிகளின் கண்ணில் மாட்டிப் பார்க்கும் பூதக்கண்ணாடி போன்ற அந்தப் பெரிய கண்ணாடியையும் கொண்டுவந்தவர். உட்காது குழம்பினால் கண்மணி ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் வெட்டி வெட்டித் திரும்பும். அதைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி.

இறங்கும்போதே வரக்கூடிய இன்னொரு சுற்றல் உண்டு, அதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. அது குளிர். ராபர்ட் பாரனி என்ற வியன்னா மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் அவர்களுக்குத் தலை சுற்றுவதையும் கண் வெட்டுவதையும் கவனித்தார். தண்ணீர் சூடாக இருந்தால் கண் எதிர்த் திசையில் வெட்டியது. காதுத் துளைக்குப் பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாயில் திரவத்தின் ஒரு பகுதி குளிர்ந்து கனத்துக் கீழே இறங்குகிறது, அந்த ஓட்டத்தைத் தலை திரும்புவதாக மூளை எடுத்துக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். பிற்பாடு 1983இல் விண்வெளியில் ஸ்பேஸ்லேப் ஆய்வகத்தில் இதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். எடையே இல்லாத இடத்தில் கனமும் இல்லை, இறங்குவதும் இல்லை, ஆனாலும் கண் வெட்டியது. பாரனியின் விளக்கம் தப்பு என்று சொல்ல முடியாது, முழுசாக இல்லை என்பதுதான் விஷயம்.

இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி தண்ணீர் புகுந்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரு காதில் அழுக்கு அடைத்து மற்றது திறந்திருந்தால்தான் வம்பு. சென்னைக் கடல் வெதுவெதுப்பானதாயிற்றே, இங்கே எப்படி என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் மருத்துவமனையில் இந்தச் சோதனையைச் செய்யும்போது ‘குளிர்ந்த’ தண்ணீர் என்று காதில் விடுவது 30 டிகிரி செல்சியஸில், ‘சூடான’ தண்ணீர் 44 டிகிரியில். உடம்பின் 37க்கு 7 டிகிரி கீழே, 7 டிகிரி மேலே. நம் கடலின் மேல்பகுதி ஆண்டின் பெரும்பகுதியில் இந்தக் குளிர்ந்த தண்ணீரின் பக்கத்தில்தான் இருக்கிறது. சோதனைக்கே போதுமான குளிர் கடலிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் காது அழுக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் காதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விடுவது, குளித்து வந்ததும் பட்ஸ் போட்டுக் குடைவது என்று வளர்ந்தவர்கள் நாம். பட்ஸ் அழுக்கை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளித் திணிப்பதுதான் அதிகம். டைவ் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்வது ஆகிற செலவில் மிகச் சின்னது. தண்ணீர் போகாமல் இருக்கக் காதில் பஞ்சோ ரப்பர் அடைப்பானோ வைத்துக்கொண்டு இறங்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட காற்றை ஈடுகட்ட வழியே இல்லை.

இப்போது எனக்கு வந்த வகை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து கிளம்பிய டைவ். எங்களைக் கீழே அழைத்துப் போகிற தம்பி அதே குப்பத்தைச் சேர்ந்தவர். அப்பாவோடு வலைக்குப் போய் வளர்ந்தவர், தெற்கிலிருந்து ஓடும் தெண்டி, வடக்கிலிருந்து ஓடும் வன்னி என்று நீரோட்டத்தைப் படகில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். அன்றைக்கு எல்லாம் நன்றாகவே போனது. இறங்கும்போது காது வலி இல்லை, கீழே ஒரு பிரச்சினையும் இல்லை. நேரம் முடிந்து நங்கூரக் கயிற்றை ஒட்டி மேலே வந்துகொண்டிருந்தோம்.

வலது காதில் ‘க்ரீச்’ என்று ஒரு சத்தத்தோடு அடைப்பு விட்டது. இடது காதில் ஒன்றும் இல்லை. அடுத்த கணம் கயிறு படுத்துக்கொண்டது. கயிறு எங்கேயும் போகவில்லை, என் கண்ணுக்கு மட்டும் அது குறுக்கே படுத்து, மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. என் தலை கீழே தொங்குகிறது என்று உடம்பு அடித்துச் சொன்னது. கண்ணை மூடினேன், இன்னும் மோசமானது. தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக் கயிற்றில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து இறுக்கினார். பாசி படிந்து வழுவழுப்பாக இருந்த கயிற்றில் சிப்பி ஒட்டியிருந்த ஒரு இடம் என் உள்ளங்கையில் அழுத்தியது. அந்த வலி உபகாரமாக இருந்தது. நிலையான பொருள் ஒன்று கையில் இருக்கிறது என்பதை மூளை அதை வைத்துத்தான் நம்பியது. அவர் தன் ஆழமானியை என் மாஸ்க்குக்கு நேராகக் காட்டினார். அப்புறம் என்னைக் கீழே இழுத்தார். மேலே போக வேண்டியவளைக் கீழே இழுக்கிறாரே என்று ஒரு பயம். ஒரு மீட்டர் இருக்கலாம். இடது காதில் காற்று அடைத்துக்கொண்டிருப்பது தளர்ந்தது, விழுங்கச் சொல்லித் தொண்டையைத் தொட்டுக் காட்டினார், விழுங்கினேன். சுழற்சி வேகம் குறைந்து, கயிறு ஒருவழியாக எழுந்து நின்றது.

“அக்கா, கண்ண மூடாதீங்க. பபுள் எந்தப் பக்கம் போவுதோ அதான் மேல. தல சொல்றத கேக்காதீங்க, பபுள் சொல்றத கேளுங்க” என்றார் படகில் ஏறியதும். அவ்வளவுதான் அவருடைய விளக்கம். தண்ணீர்க் கேனை நீட்டிவிட்டு நங்கூரம் எடுக்கப் போய்விட்டார்.

காது மருத்துவரிடம் போனேன். மயிலாப்பூரில் வயதான அம்மா ஒருவர்.

“ஏம்மா, சுத்தினது இறங்கும்போதா, ஏறும்போதா?”

“ஏறும்போது டாக்டர்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனா ரொம்ப நேரம் மாதிரி இருந்தது.”

“அப்படித்தான் இருக்கும். காது கேக்கறது குறைஞ்சுதா? இரைச்சல் இருக்கா? இப்போ நடக்கும்போது தள்ளாடுதா?”

மூன்றுக்கும் இல்லை என்றதும் அவர் முகம் இளகியது. மேலே ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து குழாய் வழியாகத் தானாக வெளியேற வேண்டும். ஒரு பக்கம் வெளியேறி மறுபக்கம் மாட்டிக்கொண்டால் இரண்டு காதுக்கும் அழுத்தம் வேறு வேறு. அரை மீட்டர் சொச்சம் ஆழத்துக்குச் சமமான வித்தியாசமே சிலருக்குப் போதும், ஒரு பக்கத்து உட்காது மட்டும் தூண்டப்பட்டு, தலை சுற்றுவதாக மூளை முடிவு கட்டிவிடும். ஸ்வீடன்காரரான க்ளாஸ் லுண்ட்கிரென் 1965இல் டைவர்களிடம் இதைப் பதிவு செய்து ‘ஆல்டர்னோபேரிக் வெர்டிகோ’ என்று பெயர் வைத்தார். விமானிகளுக்கும் வருவது உண்டு. அழுத்தம் சமமானதும் போய்விடும் என்பதால் இதில் காதுக்கு ஆபத்து குறைவு, ஆளுக்குத்தான் ஆபத்து. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரலில் விரியும் காற்று ரத்தக் குழாய்க்குள் புகுந்து உயிரையே எடுத்துவிடும். தலை சுற்றி யாரும் சாவதில்லை, சுற்றும்போது செய்கிற காரியம்தான் கொல்லும் என்றார் அந்த அம்மா.

தம்பி செய்ததெல்லாம் பாடப்புத்தகப்படி சரி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஏறுவதை நிறுத்த வேண்டும். நிலையான எதையாவது பிடிக்க வேண்டும், கயிறோ பாறையோ கூட வருபவரின் தோள்பட்டையோ. எதுவுமே இல்லையென்றால் தன்னையே கட்டிக்கொண்டு அசையாமல் இருக்கலாம். அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கீழே இறங்கி, விழுங்கி, தாடையை அசைத்து, மறுபடி மெதுவாக ஏற வேண்டும். ஏறும்போது மூக்கைப் பிடித்து ஊதவே கூடாது. ஏற்கெனவே காற்று அதிகமாக இருக்கிற இடத்தில் இன்னும் திணிப்பது அது. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் வைத்தியம் தலைகீழ் என்பதால்தான் அந்த முதல் கேள்வி அவ்வளவு முக்கியம்.

சளியோடு டைவ் போகாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். மூக்கில் ஓட்ரிவின் விட்டுக்கொண்டு போனால் ஆயிற்று என்று பலர் சமாளிக்கிறார்கள். இறங்கும்போது மூக்கு திறந்திருக்கும், காது நன்றாக ஈடுகட்டும். ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்து குழாய் மறுபடி வீங்கினால் ஏறும்போது மாட்டிக்கொள்ளும். இறங்க முடியாவிட்டால் டைவை ரத்து செய்யலாம். ஏற முடியாவிட்டால் எதை ரத்து செய்வது? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் பாதி ஊருக்குச் சளி, நல்லவேளை அந்த மாதங்களில் கடலும் கலங்கிக் கொந்தளித்துக் கிடக்கும்.

ஆழத்தில் ஒரே இடத்தில் இருக்கும்போது வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீரோட்டத்தில் மிதக்கும் தூசுகள் எல்லாம் ஒரே திசையில் நகர்வதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் நாமே நகர்வதாகத் தோன்றும். அடிமணலையோ ஆழமானியையோ பார்த்தால் சரியாகிவிடும். 30 மீட்டர் சுமாருக்குக் கீழே நைட்ரஜன் போதை வரலாம், அது சுற்றலைவிட மப்பு மாதிரி, கொஞ்சம் மேலே வந்தால் தெளியும். வேலை அதிகமாகி மேல்மூச்சு வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலை கனக்கும், நின்று நிதானமாக வெளிமூச்சு விட வேண்டும். ஒரே படகில் போன இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் காதைச் சந்தேகப்படாதீர்கள், சிலிண்டரில் அடைத்த காற்றைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரசருக்குள் எஞ்சின் புகை போயிருக்கலாம்.

கடைசியாக, கரைக்கு வந்த பிறகு சுற்றுவது. நான் பயப்படுவது இதற்குத்தான். வீடு திரும்பிய பின் கட்டிலில் படுத்தால் படகில் இருப்பதுபோல் ஆடுகிறதே, அது இல்லை. அது இயல்பு, தூங்கி எழுந்தால் போய்விடும். நான் சொல்வது மேலே வந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் திடீரென்று ஆரம்பிப்பது. அறை சுழலும், வாந்தி நிற்காது, நேராக உட்காரக்கூட முடியாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி உட்காதைத் தாக்கினால் இப்படி வரும். நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறந்ததும் மூட வேண்டிய சிறு வழி முழுதாக மூடாமல் இருக்கும், அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. ரத்தநாளக் குமிழிகள் நுரையீரலில் வடிகட்டப்படாமல் அந்த வழியாக நேரே கடந்துவிட முடியும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் சொன்ன வரம்புக்குள் இருந்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு டைவ் முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்படி ஆனது. மீன் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து பக்கத்து கிளினிக்கில் ஸ்டெமெட்டில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். காலையில் கடலுக்கடியில் இருந்தார் என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் இருட்டில் மாடிப்படி இறங்கும்போது அவர் கைப்பிடியை விடுவதில்லை. டைவ் செய்த அன்று எந்த மருத்துவரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது ‘இன்று டைவ் செய்தேன்’ என்பதுதான். படுக்க வைத்து சுத்தமான ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், உடம்பை மறுபடி அழுத்தத்தில் வைத்துக் குமிழைச் சுருக்கும் அழுத்த அறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறாத புண்ணுக்கு ஆக்சிஜன் அறை வைத்திருக்கும் எல்லா மையங்களும் டைவர்களுக்கான அவசர சிகிச்சை தருவதில்லை. அதனால் டைவ் நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, இப்படி ஆனால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கேமரா வாடகை என்ன என்று கேட்கிற அதே மூச்சில் கேட்டால் போதும். முதல் நாள் நிரப்பச் சொல்லும் மருத்துவப் படிவத்தில் காது பிரச்சினை, தலைசுற்றல் என்று இருக்கும் கட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று டிக் அடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம். படுக்கையில் புரண்டால் சில நொடிகள் சுற்றும் வகையறா உள்ளவர்கள் நம்மிடையே ஏராளம். உட்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழாய்க்குள் போய்விடுவதால் வருவது அது. தலையைச் சில கோணங்களில் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எப்ளி முறையில் பலருக்குச் சரியாகிவிடும். சரியான பிறகு மருத்துவர் சம்மதத்தோடு இறங்கலாம், மறைத்துவிட்டு இறங்குவதில் ஒரு லாபமும் இல்லை.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கேயும் குமிழாகலாம். அதனால் டைவ் முடிந்து எவ்வளவு நேரம் கழித்து விமானம் ஏறலாம் என்பதற்குப் பொதுவான கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம். அந்தமான் போகும் சென்னைக்காரர்களுக்கு இது ஓரளவு தெரியும். பலருக்கும் தோன்றாதது மலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் 2,100 மீட்டர் சுமார். காலையில் தூத்துக்குடிப் பக்கம் டைவ் செய்துவிட்டு மதியம் வண்டியெடுத்து ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானல் போய்விடலாம் என்று திட்டம் போட்ட ஒரு கும்பலை எனக்குத் தெரியும். உடம்புக்கு அது விமானத்தில் ஏறுவதுதான், கொண்டை ஊசி வளைவுகளோடு. மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்கி வரச் சொன்னேன். அந்தமான் போகிறவர்கள் செல்லுலார் ஜெயிலைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் 18 மணி நேரக் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.